சும்மா கிடைக்கும் இணையக் கடையை நம்பலாமா?

தேங்காய் எண்ணெய், முருங்கையிலைத் தூள், புழுக்கொடியல், பனங்கட்டி, வறுத்த மிளகாய்த்தூள். பளை, புலோப்பளை, சோரன்பற்று, இயக்கச்சிப் பக்கத்து வீடுகளிலிருந்து கொழும்புக்கும் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போகிற பொதிகளில் இவைதான் இருக்கும். வியாபாரம் பெரும்பாலும் ஒரு பேஸ்புக் பக்கத்திலும் ஒரு வட்ஸ்அப் இலக்கத்திலும் நடக்கிறது. படம் போடுவார்கள், ஆட்கள் விலை கேட்பார்கள், வங்கியில் காசு போட்டு ஸ்லிப்பைப் படம் எடுத்து அனுப்புவார்கள், பார்சல் போகும். கொஞ்சம் சூடு பிடித்ததும் நல்ல லேபிள் அடிக்க வேண்டிய தேவை வரும். லேபிள் அடிப்பவர் கேட்பார்: "வெப்சைற் இருக்கோ? அட்ரஸ் போடவோ?" அப்போதுதான் வீட்டில் கணினி தெரிந்த பிள்ளை சொல்லும்: "அம்மா, அதெல்லாம் சும்மா கிடைக்குது. ஏன் காசைக் கொட்டுவான்?"

பிள்ளை சொல்வது பொய்யில்லை. இலவச இணைய இடம், அதாவது ஹோஸ்டிங், இன்று தாராளமாகக் கிடைக்கிறது. அதில் சில, காசு கொடுத்து வாங்கும் இடத்தைவிட வேகமாகவும் இருக்கும். ஆனால் எதை அதில் வைப்பது, எதை வைக்கக்கூடாது என்று பிரித்துப் பார்க்காமல் போய்க் குடியேறினால்தான் சிக்கல். பொருட்களின் படம், விலை, "எங்களைப் பற்றி" போன்றவற்றுக்கு இலவச இடம் போதும். கடையின் முகவரியையும் வாடிக்கையாளர் விபரத்தையும் வங்கிக் கணக்கு இலக்கத்தையும் மட்டும் அதை நம்பி விடக்கூடாது.

ஓர் இணையத்தளத்தில் மூன்று சாமான் உண்டு. ஒன்று, பக்கங்களும் படங்களும். அவை நீங்கள் செய்தவை. இரண்டு, அவற்றை வைத்திருக்க, இருபத்துநான்கு மணி நேரமும் மின்சாரத்தோடும் இணைப்போடும் இருக்கும் ஒரு கணினி. அது சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும். அதில் கிடைக்கும் இடம்தான் ஹோஸ்டிங். மூன்று, ஆட்கள் தட்டச்சு செய்கிற பெயர், டொமைன். ஸ்காபரோவில் ஒருவர் உங்கள் போத்தலில் இருக்கும் கியூஆர் குறியைப் போனால் பிடித்ததும், போன் முதலில் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு "இது எந்தக் கணினியில் இருக்கிறது?" என்று உலகப் பொதுப் பதிவேட்டில் விசாரிக்கும். பதில் வந்தபிறகே அந்தக் கணினியின் கதவைத் தட்டும். பெயர் உங்களுடையதாக இருந்தால், பதிவேட்டில் ஒரு வரியை மாற்றி நாளைக்கே வேறு கணினிக்குப் போய்விடலாம். லேபிளும் மாறாது, வாடிக்கையாளருக்கும் ஒன்றும் தெரியாது.

இலவச இடத்தோடு வரும் பெயர் அப்படியில்லை. அது அந்த நிறுவனத்தின் பெயருக்குக் கீழே ஒட்டிய பெயர். வன்னியில் உறுதிக் காணிக்கும் பெர்மிட் காணிக்கும் உள்ள வித்தியாசம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இலவசப் பெயருக்குப் பெர்மிட்டும் இல்லை. காணிக்காரர் எழும்பச் சொன்னால் எழும்ப வேண்டியதுதான்.

எழும்பச் சொன்ன கதை நிறைய உண்டு. எங்களுடையதைப் போன்ற கடைகளுக்கு மிகக் கிட்டியது கூகிளுடையது. வரைபடத்தில் கடையைப் பதிந்தவர்களுக்கு, 2017இலிருந்து கூகிளே ஒரு சிறிய இணையத்தளத்தைச் சும்மா செய்து கொடுத்தது. முகவரி "பிஸ்னஸ் டொட் சைற்" என்று முடியும். பத்து நிமிட வேலை, போனிலேயே செய்யலாம், கூகிளே செய்து தருகிறது. இதைவிட நம்பிக்கையான இடம் எது என்று உலகமெங்கும் சலூன்காரரும் பேக்கரிக்காரரும் அந்த முகவரியை அட்டையிலும் பலகையிலும் அடித்தார்கள். 2024 மார்ச்சில் கூகிள் அவை அத்தனையையும் நிறுத்தியது. அந்த ஆண்டு ஜூன் 10 வரை, பழைய முகவரிக்குப் போனவர்களைக் கடையின் கூகிள் பதிவுக்குத் திருப்பி அனுப்பியது. அதற்குப் பிறகு அந்த முகவரிகள் எங்கும் போகவில்லை. கூகிள் வங்குரோத்து ஆகவில்லை, யாரையும் ஏமாற்றவும் இல்லை. முன்னறிவித்தல் கொடுத்து, தனக்குத் தேவையில்லாத ஒரு சேவையை மூடியது. இலவசமாகக் கொடுத்தவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் மூடும் முடிவு அவருடையதுதான்.

இதற்கு முன்னரும் நடந்ததுதான். மைக்ரோசொஃப்ற் சிறு தொழில்களுக்கென்றே நடத்திய ஆபீஸ் லைவ் சேவை 2012 ஏப்ரலோடு போனது. அதற்கும் முன், 1994இல் தொடங்கி, 1999இல் யாகூ 300 கோடி டொலருக்கும் மேல் பெறுமதிக்கு வாங்கிய ஜியோசிற்றீஸ், 2009 ஒக்ரோபர் 26 அன்று மூடப்பட்டது. ஆளுக்கொரு எழுத்துருவில் தமிழ் எழுதிய காலத்துப் பக்கங்களும் அதோடு போயின. ஆர்வலர்கள் ஓடி ஓடிப் பிரதி எடுத்துக் காப்பாற்றியது கொஞ்சம்.

பெயரையே இலவசமாகக் கொடுத்தவர்களின் கதை இன்னும் மோசம். பசிபிக் கடலில் தோக்கெலாவு என்று மூன்று பவளத் திட்டுகள் உண்டு. மொத்தச் சனமே ஏறத்தாழ 1,500 பேர். ஆனால் ஒரு காலத்தில் அந்தத் திட்டுகளுக்குரிய "டொட் ரிகே" பெயர்கள் 2 கோடிக்கும் மேல் பதிவாகியிருந்தன. காரணம் ஃபிரீனம் என்ற நிறுவனம். அந்தப் பெயரையும் மாலி, காபோன் முதலிய ஆபிரிக்க நாடுகளின் பெயர்களையும் அது யாருக்கும் சும்மா கொடுத்தது. எங்கள் இளம் பிள்ளைகளில் பலர் முதன்முதலில் இணையத்தளம் செய்து பழகியது இந்தப் பெயர்களில்தான். அதன் விதிமுறைகளின்படி இலவசப் பெயரை எடுத்தவர் உரிமையாளர் இல்லை, பாவிக்க விடப்பட்டவர் மட்டும். அதை வாசித்தவர்கள் குறைவு. சும்மா கிடைக்கும் பெயர் மோசடிக்காரருக்கும் சும்மாதானே. வங்கி போலவும் பேஸ்புக் போலவும் வேடமிட்ட பக்கங்கள் அதில் பெருகின. பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெற்றா வழக்குப் போட்டது. 2023 தொடக்கத்தில் ஃபிரீனம் புதிய பதிவுகளை நிறுத்தியது. அதே ஆண்டு காபோன் தன் பெயரைத் திருப்பி எடுத்து, அதன்கீழ் இருந்த பல இலட்சம் பெயர்களை நீக்கியது. 2024 பெப்ரவரியில் ஃபிரீனம் அந்தத் தொழிலைவிட்டே விலகுவதாக அறிவித்தது. நேர்மையாகப் பொருள் விற்றவர்களும் மோசடிக்காரரோடு சேர்ந்து அள்ளுண்டு போனார்கள். அது மூடப்படும் முன்பே அந்தப் பெயர்களுக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டது. மின்னஞ்சல் வடிகட்டிகளும் பாதுகாப்பு மென்பொருட்களும் அவற்றைக் கண்டாலே சந்தேகப்பட்டன.

சரி, இலவசமாகக் கொடுப்பவருக்கு என்ன இலாபம்? சிலர் உங்கள் பக்கத்தில் தங்கள் விளம்பரத்தைப் போடுவார்கள். உங்கள் எண்ணெய்க்குப் பக்கத்திலேயே இன்னொருவருடைய எண்ணெய் விளம்பரம் வந்தாலும் வரும். பெரும்பாலானோர் இன்று சும்மா வருபவர் நாளைக்குக் காசு கட்டுவார் என்று காத்திருப்பார்கள். அது நியாயமான வியாபாரம்தான். ஆனால் காசு கட்டாதவர்களுடைய பாதுகாப்புக்கு எவ்வளவு செலவழிப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 2015இல் உலகின் பெரிய இலவச ஹோஸ்டிங் சேவைகளில் ஒன்றான 000வெப்ஹோஸ்ட் உடைக்கப்பட்டது வெளியே வந்தது. 1 கோடியே 30 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயர், மின்னஞ்சல், கடவுச்சொல் எல்லாம் களவு போயின. கடவுச்சொற்கள் மறைகுறியாக்கப்படாமல், அப்படியே வாசிக்கக்கூடிய எழுத்தில் இருந்தன. அந்தச் சேவையும் 2024இல் மூடப்பட்டது.

இங்கே எங்கள் வியாபார முறைக்கென்றே ஓர் ஆபத்து உண்டு. நாங்கள் கார்ட்டில் காசு வாங்குவது குறைவு. வங்கிக் கணக்கு இலக்கத்தைக் கொடுத்து ஸ்லிப் வாங்குவதுதான் வழக்கம். பலர் அந்தக் கணக்கு இலக்கத்தை "காசு செலுத்தும் முறை" என்று பக்கத்திலேயே போட்டுவிடுகிறார்கள். உங்கள் தளத்துக்குள் ஒருவன் புகுந்தால் அவன் கடையை உடைக்கவோ படங்களை அழிக்கவோ வேண்டியதில்லை. கணக்கு இலக்கத்தை மட்டும் மாற்றிவிட்டுப் பேசாமல் இருந்தால் போதும். வாடிக்கையாளர் நம்பிக் காசு போடுவார், ஸ்லிப் உங்களுக்கு வரும், காசு உங்கள் கணக்குக்கு வராது. யார் பொறுப்பு? காசு போட்ட அக்காவுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே கணக்கு இலக்கம் பக்கத்தில் வேண்டாம். ஓடர் தருபவருக்கு வட்ஸ்அப்பில், கணக்குக்காரர் பெயரோடு அனுப்புங்கள். தளம் இலவசமோ காசு கொடுத்ததோ, எதுவானாலும் இதைத்தான் சொல்வேன்.

வேகமும் ஒரு பிரச்சினை. இலவச இடங்களில் ஒரு கணினியில் ஆயிரக்கணக்கான தளங்களை அடுக்கியிருப்பார்கள். ஒருவர் அளவுக்கு மிஞ்சிப் பாவித்தால் அவரை நிறுத்திவைப்பார்கள். ஒரு சேவை "நாளுக்கு 50,000 ஹிட்" தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க நிறையத்தான். ஆனால் ஹிட் என்பது ஆள் கணக்கு இல்லை. பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு படமும், ஒவ்வொரு எழுத்துருவும், ஒவ்வொரு துணைக் கோப்பும் தனித்தனி ஹிட். பன்னிரண்டு பொருட்களின் படமும் மற்றவையும் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு 40 கோப்பு வந்தால், 1,250 தரம் பக்கத்தைத் திறந்ததோடு அன்றைய கணக்கு முடிந்தது. சாதாரண நாளில் அது தாராளம். யூரியூப் தம்பிமார் யாராவது பளைக்கு வந்து உங்கள் எண்ணெய்ச் செக்கைப் படம் பிடித்துப் போட்ட நாளில், மத்தியானத்துக்குள் தளம் படுத்துவிடும். ஆட்கள் வராத நாளெல்லாம் திறந்திருந்து, வருகிற ஒரேயொரு நாளில் பூட்டிக் கிடக்கும் கடையால் என்ன பிரயோசனம்?

இன்னொன்று, தரமான இலவச இடங்களில் சில, வியாபாரத்துக்கென்று கொடுக்கப்படுவதே இல்லை. நிரலாளர்கள் பெரிதும் விரும்பும் கிட்ஹப் பேஜஸ், இணைய வியாபாரத்தையோ விற்பனைத் தளத்தையோ நடத்துவதற்கு அதைப் பாவிக்கக்கூடாது என்று விதிமுறையிலேயே சொல்கிறது. வேர்செல்லின் இலவசத் திட்டமும் தனிப்பட்ட, வியாபாரமில்லாத பாவனைக்கு மட்டும். கம்பஸில் படிக்கிற பிள்ளை தனக்குப் பழக்கமான இடத்தில் அம்மாவின் கடையை வைத்துவிடும், விதியை வாசித்திருக்காது. ஒருநாள் தளம் நின்றால் முறைப்பாடு செய்யவும் வழியில்லை.

"அப்படியென்றால் பேஸ்புக்கே போதுமே" என்பீர்கள். ஆட்களைப் பிடிக்க அதைவிட நல்ல இடம் இல்லை என்பது உண்மை. ஆனால் அதுவும் இலவச இடம்தான். இலங்கையில் அதற்கு இன்னொரு பூட்டும் உண்டு. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்னும், 2022 ஏப்ரல் 3 அன்று ஊரடங்கோடும் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. முதலிரண்டு தடவையும் அது நாட்கணக்கில் நீடித்தது. 2021 ஒக்ரோபர் 4 அன்று அரசாங்கம் ஒன்றும் செய்யாமலே, நிறுவனத்தின் சொந்தத் தவறால் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் உலகமெங்கும் படுத்தன. அந்த நாட்களில் பெரும்பாலான இடங்களில் சாதாரண இணையத்தளங்கள் திறந்துகொண்டுதான் இருந்தன. வட்ஸ்அப் இலக்கத்தோடு சாதாரணத் தொலைபேசி அழைப்புக்கும் ஓர் இலக்கம் போட்ட தளம் ஒன்று இருந்தால், ஓடர் முற்றாக நின்றுபோகாது.

காசு கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ராஸ்பேர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு நிலையம் தீப்பிடித்தது. ஒழுங்காகக் காசு கட்டியவர்களின் இலட்சக்கணக்கான தளங்கள் விழுந்தன. வேறிடத்தில் பிரதி வைக்காதவர்களுக்குச் சாம்பல்தான் மிஞ்சியது. இங்கே 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் கிளவுட் சேவை கப்பம் கேட்கும் மென்பொருளால் தாக்கப்பட்டு, ஏறத்தாழ 5,000 அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்துக்கு வேறிடப் பிரதி இல்லாததால் அந்தத் தரவுகள் போனது போனதுதான். பாதிக்கப்பட்ட இடங்களில் அமைச்சரவை அலுவலகமும் ஒன்று. அமைச்சரவைக்கே இந்தக் கதி என்றால், பளையில் முருங்கையிலைத் தூள் விற்பவர் தன் படங்களையும் விலைப்பட்டியலையும் ஒரு பென்டிரைவில் வைத்திருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காசு கொடுப்பதில் டொலர் சங்கடமும் இருக்கிறது. ஆண்டுக்கு 60 டொலர் என்று வெளிநாட்டு ஹோஸ்டிங் எடுத்தவருக்கு 2022 தொடக்கத்தில் அது ஏறத்தாழ 12,000 ரூபாய். டொலர் 360 ரூபாயைத் தொட்ட அந்த ஆண்டு நடுப்பகுதியில் அதே 60 டொலர் 21,600 ஆகிவிட்டது. அதோடு முதல் ஆண்டு விலை ஆசை காட்டும் விலை. புதுப்பிக்கும்போது இரண்டு மூன்று மடங்கு கேட்பார்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, புதுப்பிக்கும் விலையைத் தேடி வாசியுங்கள். ரூபாயில் விற்கும் உள்ளூர் நிறுவனங்களும் உண்டு. ஆனால் அவர்களும் இடத்தை வெளிநாட்டில் வாங்கித்தான் விற்கிறார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால், சிறு கடைக்கு நான் சொல்லும் வழி இது: முதற் செலவைப் பெயரில் செய்யுங்கள். டொட் கொம் பெயர் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 முதல் 15 டொலர். டொட் எல்கே பெயரை எல்கே டொமைன் பதிவகத்தில் ரூபாயிலேயே வாங்கலாம். தமிழிலேயே "டொட் இலங்கை" என்று முடியும் பெயரும் உண்டு. ஆசையாக இருக்கும், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் லேபிளில் ஆங்கில எழுத்துப் பெயரையே போடுங்கள். வெளிநாட்டுப் போன்களில் பலருக்கும் தமிழில் தட்டச்சு செய்ய வராது. பெயரை வாங்கியபின் இடத்துக்குக் காசு கொடுக்க அவசரம் இல்லை. கூகிளின் புளொக்கரும் சைற்ஸும் சொந்தப் பெயரை இணைக்க விடுகின்றன, அதற்கென்று கட்டணம் வாங்குவதில்லை. கொஞ்சம் நிரல் தெரிந்த பிள்ளை இருந்தால் கிளவுட்ஃபிளேர் பேஜஸ் இன்னும் வேகம். நாளைக்குக் கூகிள் இவற்றையும் மூடினால் மூடட்டும். பக்கங்களின் பிரதி கையில் இருக்கிறது, பெயர் உங்களுடையது. ஒரு பின்னேர வேலையோடு வேறிடத்துக்குப் போய்விடலாம்.

ஓடர்களையும் வாடிக்கையாளர் விலாசங்களையும் தளத்துக்குள் சேமிக்கும் மென்பொருள் எதையும் இலவச இடத்தில் போடாதீர்கள். ஓடரை வட்ஸ்அப்பிலோ கூகிள் படிவத்திலோ வாங்கி, வாரம் ஒருதரம் இறக்கி வையுங்கள். ஓடர் கொப்பியில் எழுதுபவர்கள் எழுதிக்கொண்டே இருங்கள், அதற்கு ஈடு இல்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பிறத்தியாரின் பெயரும் விலாசமும் உங்களிடம் இருந்தால் அவற்றைக் கவனமாக வைத்திருப்பது உங்கள் பொறுப்பு என்பதே அதன் சாரம்.

நாளுக்குப் பத்து இருபது ஓடர் என்று வந்து, தளத்திலேயே கார்ட்டில் காசு வாங்கும் நிலைக்கு வந்துவிட்டால் கதை வேறு. அப்போது இலவசம் வேண்டாம். காசைப் பெற்றுத்தரும் நிறுவனங்கள் சொந்தப் பெயரில் தளத்தையும், பணத்தைத் திருப்பித் தரும் விதிகள் எழுதிய பக்கத்தையும் பொதுவாக எதிர்பார்க்கும். அந்த அளவுக்கு விற்பவருக்கு ஹோஸ்டிங் கட்டணம் ஒரு சுமையும் இல்லை.

கடைசியாக, பெயர் யாருடைய பெயரில் பதியப்படுகிறது என்பது. இதில்தான் எங்கள் ஊரில் கண்டபடி நடக்கிறது. கார்ட் இல்லை என்று கனடாவில் இருக்கும் மருமகனிடம் வாங்கச் சொல்வார்கள், அவர் தன் மின்னஞ்சலில் பதிவார். அல்லது கிளிநொச்சியில் தளம் செய்துகொடுத்த பெடியன் தன் கணக்கில் பதிவான். மருமகன் மின்னஞ்சலை மாற்றுவார், பெடியன் வெளிநாடு போவான், புதுப்பிக்கும் நினைவூட்டல் யாருக்கும் போய்ச் சேராது. பதிவு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் போன் இலக்கத்தில் இருக்க வேண்டும். காசை வேண்டுமானால் மருமகன் கட்டட்டும். அந்த மின்னஞ்சலுக்கு இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டு, கடவுச்சொல்லை எழுதி வங்கிப் புத்தகத்தோடு வையுங்கள். டொட் கொம் பெயர் காலாவதியானால் பதிவு நிறுவனத்தைப் பொறுத்துச் சில வாரங்கள் சாதாரண விலையிலேயே புதுப்பிக்க விடுவார்கள். அதுவும் தவறினால் இன்னும் 30 நாட்கள் மீட்கலாம், ஆனால் கட்டணம் பல மடங்கு. அதற்கும் பிறகு யாரும் வாங்கலாம்; ஓடிக்கொண்டிருந்த கடைப் பெயர்களை வாங்கி விற்பதற்கென்றே ஆட்கள் காத்திருக்கிறார்கள். இரண்டு மூன்று ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டிவிட்டு, அடுத்து எப்போது கட்ட வேண்டும் என்பதை வீட்டுக் கலண்டரில் குறித்து வையுங்கள், ஒரு மாதம் முன்தள்ளி.